பென்சில் ரப்பர் அளவில் ஒரு துளை

பத்துக் காசு அளவில் ஒரு பித்தளைத் தகடு. அதன் ஒரு முகத்தில் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைப் பூச்சு. இரண்டு மெல்லிய கம்பிகளை அதில் பற்றவைத்து மின்சாரம் கொடுத்தால் தகடு நடுங்கும், நடுங்கினால் கத்தும். என் மாப்பிள்ளை அதன்மேல் முகப் பவுடரைக் கொஞ்சம் தூவி, மின்சாரத்தைக் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்ப்பார். தகடு முழுக்கத் துள்ளுகிற பவுடர், ஓர் இடத்தில் மட்டும் வட்டமாக ஒதுங்கி நிற்கும். "பார்த்தீங்களா மச்சான், எல்லாம் ஆடுது, இந்த வட்டம் மட்டும் ஆடல. இங்க பிடிச்சு ஒட்டினா தகடு நல்லா மூச்சு விடும், நல்லாக் கத்தும்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த யாருக்கும், அந்தத் தகட்டால் இந்த மனிதருக்கு ஒரு கேடு வரும் என்று நினைக்கத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எண்பதுகளில், மலேசியாவில் சுங்கைப் பட்டாணித் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு தொழிற்சாலையில் இருவரும் வேலை பார்த்தோம். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ரேடியோ உறுப்புகள் செய்து கொடுப்பது அங்கே வேலை. பீடோங், மெர்போக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காலையில் பஸ் நிறையப் பெண்கள் வந்து இறங்குவார்கள். கம்பி பற்றவைக்கும் புகையில் சாயங்காலம் வரை குனிந்திருப்பார்கள். நான் வார்ப்பு அச்சுகள் செய்யும் பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவன். மாப்பிள்ளை வரைபடப் பிரிவு. கையில் தூக்கிக்கொண்டு போகும் வாக்கி டாக்கிகளுக்குள் உட்காருகிற கூப்பாட்டுத் துண்டை, அதாவது யாராவது கூப்பிட்டால் "கீ" என்று கத்தி ஆளை எழுப்புகிற அந்தச் சின்ன உறுப்பை, வடிவமைப்பது அவர் பொறுப்பு. அவர் வரைவார், நான் பிளாஸ்டிக்கில் கடைந்து கொடுப்பேன். வீட்டில் மைத்துனர், வேலையிடத்தில் கூட்டாளி. இரண்டு இடத்திலும் அவரோடு நான் சண்டை போட்டதில்லை என்றால் என் தங்கையே நம்பமாட்டாள், ஆனால் அது உண்மை.

அந்த வேலையில் நல்லவன், கெட்டவன் என்று பார்க்க ஒரே அளவுகோல்தான் இருந்தது: சத்தம். முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டிய ஒரு சின்ன அறையில் அளவைமானியின் முன்னால் துண்டை வைத்துக் கத்தவிடுவார்கள். முள் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு மரியாதை. தகட்டை எங்கே பிடித்து ஒட்டுவது, அதன் முன்னால் எவ்வளவு காற்றறை விடுவது, சத்தம் வெளியே வரும் துளை எவ்வளவு, இந்த மூன்றையும் மயிரிழை மயிரிழையாக மாற்றி மாற்றி மாப்பிள்ளை முள்ளை ஏற்றுவார். துளை கொஞ்சம் பெரிதானால் சத்தம் கீச்சென்று மேலே போகும், சிறிதானால் இறங்கும். தகட்டின் நடுக்கமும் அறையின் காற்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற அந்த ஒரு புள்ளி கிடைத்துவிட்டால், வெளியே வேலை செய்யும் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். மாப்பிள்ளை கதவைத் திறந்து அவர்களைப் பார்த்துச் சிரிப்பார். அவர்கள் திட்டுவதுதான் அவருக்குக் கிடைத்த பாராட்டு.

அப்படிச் செய்த ஒரு துண்டைத்தான் காட்டுக்குள் ரோந்து போகிறவர்களின் வாக்கி டாக்கி செட்டுகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். பாலிங்கைத் தாண்டி, தாய்லாந்து எல்லை ஓரமாகக் காட்டில் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களின் துப்பாக்கிச் சத்தம் அப்போதும் ஓயாத காலம். மாப்பிள்ளையின் ஒரே தம்பி அந்த ரோந்துப் படையில் இருந்தான். அந்தச் செட்டின் ஓர் ஏற்பாடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: குமிழைத் திருகிப் பேச்சுச் சத்தத்தைக் குறைக்கலாம், ஆனால் கூப்பாட்டுச் சத்தம் குறையாது. மேலிடத்திலிருந்து கூப்பிட்டால் எவனும் கேட்கவில்லை என்று சொல்லக்கூடாது என்று வாடிக்கையாளர் கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பி மார்பில் தொங்குகிற பெட்டிக்குள் தன் தகடு இருக்கிறது. தம்பி லீவில் வரும்போது சொல்லி அசத்த வேண்டும் என்று தங்கையின் வாயையும் என் வாயையும் கட்டிப்போட்டுவிட்டார்.

தம்பி வந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். என் தங்கை கோழிக்கறி வைத்திருந்தாள். மாப்பிள்ளை பேச்சை எங்கே ஆரம்பிக்கலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். அதற்குள் தம்பியே காட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

"எங்களுக்கு ஒரு செட்டு குடுத்திருக்காங்கண்ணே. சாமி, அது கூப்பிட்டுச்சுன்னா அடுத்த மலையில இருக்கற கொரங்கு எந்திரிச்சு ஓடும் லா. ஊத்தான்ல, அந்தக் காட்டுக்குள்ள, நாங்க இருமறதுக்கே துணிய வாயில வச்சுக்கறோம். இது நெஞ்சுல உக்காந்துக்கிட்டு கீ கீன்னு கத்துது. எவன் செஞ்சானோ, அவன ஒரு நாளு எங்ககூடக் கூட்டிட்டுப் போவணும்."

என் தங்கை கரண்டியோடு நின்றுவிட்டாள். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: "அப்ப என்னா செய்றீங்க?"

"என்னா செய்றது? மேலிடத்துக்குத் தெரியாம ஓட்டை மேல பிளாஸ்டர் ஒட்டுவோம். அதுக்குள்ள மெழுகுவத்திய உருக்கி ஊத்துவோம். சல்லடை மாதிரி பொடிப்பொடி ஓட்டை, எத்தனைய அடைக்கறது? கொஞ்சம் அடங்கும். வெளிய சொல்லிடாதீங்க அண்ணி, அரசாங்க சாமானக் கெடுத்தேன்னு உள்ள போட்டுருவாங்க."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். மாப்பிள்ளையும் சிரித்தார். தான் செய்தது என்று அன்று சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்திருந்தது. காட்டிலிருந்து திரும்பி வந்த செட்டுகளைச் சோதித்ததில் கூப்பாட்டுச் சத்தம் மிகவும் குறைந்துபோயிருக்கிறதாம். ஈரத்தில் தகடு சோர்ந்துவிடுகிறது போலிருக்கிறது, இன்னும் பலமாகக் கத்துகிற மாதிரி புதிதாகச் செய்து தர வேண்டுமாம். பிளாஸ்டரை உரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், உள்ளே இருந்த மெழுகை உரிக்க முடிந்திருக்காது. மேனேஜர் பேசப் பேச மாப்பிள்ளைக்கு எல்லாம் புரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மூலையில் என்னிடம் வந்து உட்கார்ந்தார். தட்டில் கை வைக்கவில்லை.

"நான் சத்தத்தக் கூட்டுறேன், அவனுங்க அடைக்கிறானுங்க. அடைக்கிறானுங்கன்னு இவங்க இன்னும் கூட்டச் சொல்றாங்க. உண்மையச் சொன்னா தம்பி மாட்டிக்குவான். சொல்லாட்டி..." என்று நிறுத்திக்கொண்டார்.

"சொல்லாட்டி என்ன? இது நீங்க செய்யாட்டி வேற எவனாச்சும் செய்யத்தான் போறான்" என்றேன் நான். வாய் நீளமானவனுக்கு ஆறுதல் சொல்ல வராது.

அவர் ஒரு வழி யோசித்தார். துளையை மூடித் திறக்கிற மாதிரி திருகு வளையம் ஒன்றை வரைந்தார். நான் கடைந்து கொடுத்தேன். வேண்டும்போது சத்தத்தை அடக்கலாம், வேண்டாதபோது விடலாம். தம்பி சொன்னதைக் காட்டிக்கொள்ளாமல், தானாகத் தோன்றிய யோசனை போல மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தார். மேனேஜர் அதை இரண்டு தடவை திருகிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடக்கவே கூடாது என்று சொல்கிறவனிடம் அடக்குகிற வளையத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் அவன் நம்மைப் பற்றி என்ன நினைப்பான் என்றாராம். கேட்டதைச் செய், கேட்காததைச் செய்யாதே. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அதிலும் தவறில்லை.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை செய்ததுதான் இன்றுவரை என் மனதில் கிடக்கிறது. சல்லடைத் துளைகளை எல்லாம் எடுத்துவிட்டார். தகட்டை ஆடாத வட்டத்தில் பிடித்து ஒட்டினார், காற்றறையை ஆழமாக்கினார், எல்லாச் சத்தமும் ஒரே ஒரு துளை வழியாக வெளியே வருகிற மாதிரி வரைந்தார். வட்டமான, நேரான, வழவழப்பான துளை. அளவைமானியின் முள் இதுவரை போகாத இடத்துக்குப் போனது. மேனேஜர் கைகுலுக்கினார். வாடிக்கையாளருக்கு ரொம்பத் திருப்தி. அந்தத் துளையின் அகலத்துக்கு மட்டும் யாரும் காரணம் கேட்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் பின்பக்கத்தில் இருக்குமே சின்ன ரப்பர், அது இறுக்கமாகப் போய் உட்காருகிற அகலம். முட்டை அட்டை அறையில் என்னை நிற்கவைத்துக் கத்தவிட்டார், காது வலித்தது. பிறகு பென்சிலைத் திருப்பிப் பிடித்து ரப்பரைத் துளையில் செருகினார். தகடு நடுங்கிக்கொண்டிருப்பது விரலுக்குத் தெரிந்தது, காதுக்கு ஒன்றுமே வரவில்லை. "இதுதான் மச்சான் நம்மால முடிஞ்சது" என்றார். அவர் சிரிக்கவில்லை. இவ்வளவு சுலபமாக வாயை மூடுகிற ஒரு பொருளை நம்பி ஒருவன் காட்டுக்குள் போவதா என்று தோன்றியது. சொல்ல வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அடுத்த லீவு முடிந்து தம்பி கிளம்பும்போது அவன் பையில் ஒரு பெட்டி பென்சிலைத் திணித்தார்.

"நான் யாருக்குண்ணே லெட்டர் எழுதப் போறேன்?" என்று அவன் சிரித்தான்.

"புது செட்டு வரப்போவுதாம். எங்க ஃபேக்டரி ஆளுங்க பேசிக்கிட்டாங்க. அதுல ஒரே ஓட்டைதானாம், இந்த ரப்பர் சரியா உக்காருமாம். ஆனா ஒண்ணு தம்பி, போட்டா எடுக்கவும் மறந்துடாத. கூப்பிட்டா கேக்காது."

"ஃபேக்டரியில எல்லாத்துக்கும் ஒரு கத வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறிவிட்டான். பஸ் போன பிறகும் மாப்பிள்ளை அங்கேயே நின்றார். போட்டால் ஒரு பயம், எடுத்தால் ஒரு பயம் என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. வாசலில் எந்த மோட்டார் சைக்கிள் நின்றாலும் எழுந்து போய்ப் பார்ப்பார். பூசையில் எல்லோரும் முழங்காலிலிருந்து எழுந்த பிறகும் அவர் எழமாட்டார். என் தங்கை ஒருநாள் என்னிடம், "அவுருக்கு என்னாண்ணே, சட்டி விழுந்தாக்கூட சட்டைய மாட்டிக்கிட்டு ஓடறாரு" என்று கேட்டாள். நான் வேலை அதிகம் என்று சொல்லி வைத்தேன்.

புதுச் செட்டுகள் வந்துவிட்டதாகத் தம்பியின் நண்பன் ஒருவன் மூலம் தகவல் வந்தது. மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. ஒரு மத்தியானம் தொழிற்சாலை வாசலில் ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்கள் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அவர் மேசையிலிருந்து எழுந்து வந்த நடையைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஜீப்புக்காகத்தான் அவர் இவ்வளவு நாள் காத்திருந்தார் என்று. தம்பி உயிரோடு இருந்தான். ரோந்தில் போனவர்களைப் பார்த்து மறைவிலிருந்து சுட்டிருக்கிறார்கள். சிதறி ஓடியபோது புதைத்து வைத்த வெடியை மிதித்துவிட்டான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் அவன் மயக்கத்தில் கிடந்தான். வெளியே நடைபாதையில் அவனோடு வேலை பார்க்கும் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாதையில் போகாதே என்று செட்டில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்களாம், யாரும் எடுக்கவில்லையாம் என்றான் ஒருவன். அதெல்லாம் இல்லை, ஏதோ சத்தம் கேட்டுத்தான் அவர்கள் சுட ஆரம்பித்தார்கள் என்றான் மற்றவன். இருவருமே அன்று அந்த ரோந்தில் போகாதவர்கள். காதில் விழுந்ததைச் சொன்னார்கள். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டையும் கேட்டார். திரும்பி வரும் பஸ்ஸில், குரூண் தாண்டிய பிறகு சொன்னார்: "முதல் ஆளு சொல்றது நெசம்னா, அவன் ரப்பரப் போட்டிருக்கான். ரெண்டாவது ஆளு சொல்றது நெசம்னா, போடல. ரெண்டும் என் கைவேலைதான் மச்சான்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, தம்பிக்கு இது எந்தக் காலத்திலும் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கினார்.

வேலையை விட்டுவிட்டார். தொழிற்சாலையில் யாருக்கும் காரணம் புரியவில்லை. மேனேஜர் சம்பளம் கூட்டித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். பீடோங்கில் ஒரு தமிழ் முஸ்லிம் பாய் நடத்திய துணிக்கடையில் போய்ச் சேர்ந்தார், ஓய்வு பெறும்வரை அங்கேயே துணி அளந்தார். தம்பி பொய்க்கால் வைத்துக்கொண்டான், கல்யாணம் செய்துகொண்டான், அடுத்த தெருவில் மளிகைக்கடை போட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. அவன் பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருவான். மாப்பிள்ளை அவன் தட்டில் கறித் துண்டை எடுத்து வைப்பார். அன்று என்ன நடந்தது என்று அவரும் கேட்டதில்லை, கேட்காததால் அவனும் சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் சோறு இறங்காது.

இப்போது மாப்பிள்ளைக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. டாக்டர் என்ன சொன்னார் என்பதை என் தங்கை என்னிடம் மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு சத்தியத்துக்கு என்ன மரியாதை? போன மாதம் தம்பியின் கடைக்குப் போய், வாடிக்கையாளர் இல்லாத நேரமாகப் பார்த்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தகடு, மெழுகு, பென்சில், பஸ்ஸில் சொன்ன வார்த்தை, எல்லாம். அவன் அரிசி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணனா செஞ்சாரு அத?" என்றான். பிறகு அழுதான். அழுது முடித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ, அந்த செட்டு அன்னிக்கு ஊமைண்ணே. முந்தின நாளே செத்துப்போச்சு. பையில கல்லு மாதிரி தூக்கிக்கிட்டுப் போனேன். கூப்பிட்டிருப்பாங்க, கேக்கறதுக்கு அதுல உசிரு இருந்தாத்தானே? எங்களப் பாத்து சுட்டது எங்க ஆளு ஒருத்தனுக்கு இருமல் வந்ததால. இத்தன வருஷமா இதையா மனசுல வச்சிருந்தாரு? வாங்க, இப்பவே போவோம்."

கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு நொண்டி நொண்டி எனக்கு முன்னால் நடந்தான். அவ்வளவு வேகமாக அவன் நடந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் நெஞ்சு லேசாகிவிட்டது. மாப்பிள்ளை சாய்வு நாற்காலியில் இருந்தார். தம்பி அவர் காலடியில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்னதையும் தான் பார்த்ததையும் ஒரே மூச்சில் கொட்டினான். மாப்பிள்ளை என்னை ஒரு தடவை பார்த்தார், கோபமில்லாமல். பிறகு தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. என் தங்கை சமையலறை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செட்டு செத்துக் கிடந்தது என்று மூன்றாம் தடவை சொன்னபோது, அவர் தம்பியின் தலையில் கை வைத்தார்.

"எப்படிப்பா செத்துச்சு?"

"முந்தின நாளு ஆறு கடந்தோம்ணே. மழத்தண்ணி, நெஞ்சு வரைக்கும் வந்துருச்சு. செட்டுக்குள்ள தண்ணி போயிருச்சு, அதோட அவுட்டு. பழைய செட்டெல்லாம் எத்தன தடவ நனைஞ்சிருக்கு, ஒண்ணும் ஆனதில்ல."

மாப்பிள்ளையின் கை அவன் தலைமேல் அப்படியே நின்றது. பழைய சல்லடைத் துளைகளில் தண்ணீர் நுழையத் திணறும். பென்சில் ரப்பர் போய் உட்காருகிற துளையில் ஓர் ஆறே நுழையும். அந்தத் துளையை வரைந்தவர் அவர், கடைந்தவன் நான். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் அது தெரிந்தது. தம்பிக்குத் தெரியவில்லை.

"சரிப்பா. நல்லவேள சொன்ன. மனசு ஆறிப்போச்சு" என்றார் மாப்பிள்ளை. எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

தம்பி அந்த வெறும் நாற்காலியைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "அண்ணே, நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லப்பா" என்றேன்.